டிர்சர்வ்-அட்மின் மக்கர் செய்கிறதா? எஸ்இலினக்ஸ் பிழைகள், அறிகுறி வாரியாக

பயனர் கணக்குகளை வைத்திருக்கும் 389 டைரக்டரி சர்வரை ஜாவா கன்சோலிலிருந்து நிர்வகிக்கப் பயன்படும் அட்மின் சர்வர், ரெட் ஹேட் 7, சென்ட்ஓஎஸ் 7 இயந்திரங்களில் ‘டிர்சர்வ்-அட்மின்’ என்ற சர்வீஸாக ஓடும். புகார் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும்: போர்ட்டை மாற்றினோம், பேக்கப்பிலிருந்து மீட்டோம், சான்றிதழைப் புதுப்பித்தோம், அப்புறம் கிளம்பவே இல்லை. உடனே யாராவது ‘செட்என்ஃபோர்ஸ் 0’ என்று தட்டுவார் (எந்த ப்ராசஸ் எதைத் தொடலாம் என்று காவல் காக்கும் எஸ்இலினக்ஸ், தடுப்பதை நிறுத்திவிடும்), சர்வீஸ் ஓடத் தொடங்கும், அதோடு எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள். அலுவலகத்தில் உள்ள அத்தனை பேரின் கடவுச்சொற்களும் அந்த இயந்திரத்தில்தான் இருக்கின்றன. எஸ்இலினக்ஸை அணைக்கக் கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். அணைக்கத் தேவையும் இல்லை. இந்தச் சர்வீஸில் வரும் மறுப்புகளில் மிகப் பெரும்பாலானவை தப்பான லேபிள் (கோப்பின் மேல் எஸ்இலினக்ஸ் ஒட்டிவைக்கும் வகைப் பெயர்) அல்லது பதிவாகாத போர்ட். இரண்டுக்கும் புதிய பாலிசி (யார் எதைத் தொடலாம் என்ற விதிகள்) எழுத வேண்டியதில்லை.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். குழப்பம் வராமலிருக்க, முடிந்த இடங்களில் ஓரெழுத்துச் சுருக்கத்தை விட்டு முழுப் பெயரையே கொடுத்திருக்கிறேன். ‘செமேனேஜ்’ இல்லை என்று இயந்திரம் சொன்னால் ‘பாலிசிகோர்யூட்டில்ஸ்-பைத்தான்’ தொகுப்பை நிறுவுங்கள். மறுப்புகளை விளக்கி யோசனை சொல்லும் ‘சீஅலர்ட்’ வேண்டுமென்றால் ‘செட்டிரபிள்ஷூட்-சர்வர்’.

ரெட் ஹேட் 8-க்கு மாறியபின் சர்வீஸையே காணவில்லை என்றால் அது பிழை இல்லை. 389-இன் 1.4 வரிசையில் அட்மின் சர்வரையே எடுத்துவிட்டார்கள். இப்போது காக்பிட் வழியாக வரும் வலைப்பக்கமும், ‘டிஎஸ்கான்ஃப்’, ‘டிஎஸ்சிடிஎல்’ கட்டளைகளும்தான். மீதிக் கட்டுரை உங்களுக்குத் தேவைப்படாது.

## முதலில்: குற்றவாளி எஸ்இலினக்ஸ்தானா?

‘கெட்என்ஃபோர்ஸ்’ தட்டுங்கள். ‘பெர்மிசிவ்’ அல்லது ‘டிஸேபிள்ட்’ என்று பதில் வந்தால் எஸ்இலினக்ஸ் எதையும் தடுக்கவில்லை. ஃபயர்வாலையும் கோப்பு உரிமையையும் பாருங்கள்.

‘என்ஃபோர்சிங்’ என்று வந்தால், சர்வீஸை ஒருமுறை கிளப்பிப் பார்த்துவிட்டு உடனே இதை ஓட்டுங்கள்:

ஏயூசர்ச் --மெசேஜ் ஏவிசி --ஸ்டார்ட் ரீசன்ட்

வருபவைதான் ஏவிசி வரிகள், அதாவது எஸ்இலினக்ஸ் எழுதிவைத்த மறுப்புகள். நீளமாக இருக்கும். அதில் நான்கு விஷயங்கள் போதும்: அடைப்புக்குள் இருக்கும் செயல் (‘நேம்_பைண்ட்’, ‘ரீட்’, ‘ஓப்பன்’ போன்றவை), யார் கேட்டது (எஸ்கான்டெக்ஸ்ட்), எதைக் கேட்டது (டிகான்டெக்ஸ்ட்), அது எந்த வகை (டிகிளாஸ்: கோப்பா, அடைவா, சாக்கெட்டா).

பலரும் தடுமாறும் இடம் எஸ்கான்டெக்ஸ்ட்தான். சர்வீஸின் பெயர் டிர்சர்வ்-அட்மின் என்பதால் மறுப்பு ‘டிர்சர்வ்அட்மின்_டி’ என்ற பெயரில் வரும் என்று எதிர்பார்த்து, அதை மட்டும் தேடி, ஒன்றுமில்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள். அந்த டொமைனில் (ஓடும் ப்ராசஸுக்கான லேபிளைத்தான் டொமைன் என்பார்கள்) ஓடுவது கிளப்பும், நிறுத்தும் ஸ்கிரிப்டுகள் மட்டும். அவை கிளப்பிவிடும் அப்பாச்சி, ‘எச்டிடிபிடி_டி’ டொமைனுக்குப் போய்விடும். அட்மின் சர்வரின் வழக்கமான போர்ட்டான 9830-இல் காது வைத்திருப்பதும், சான்றிதழைத் திறப்பதும், டைரக்டரியுடன் பேசுவதும் அந்த அப்பாச்சிதான். ஆகவே மூன்று பெயர்களையும் தேடுங்கள்: டிர்சர்வ்அட்மின்_டி, எச்டிடிபிடி_டி, டைரக்டரி சர்வருக்கான டிர்சர்வ்_டி.

இதே காரணத்தால், ‘செமேனேஜ் பெர்மிசிவ்’ கொண்டு டிர்சர்வ்அட்மின்_டியை மட்டும் தளர்த்தினால் பல நேரம் பலன் இருக்காது. எச்டிடிபிடி_டியைத் தளர்த்தினால் பலன் இருக்கும். ஆனால் அதே இயந்திரத்தில் ஓடும் மற்ற வலைத்தளங்களும் சேர்ந்து தளர்ந்துவிடும்.

சந்தேகம் தீரவில்லையென்றால் ‘செட்என்ஃபோர்ஸ் 0’ போட்டு ஒரே ஒரு முறை சோதித்து, உடனே ‘செட்என்ஃபோர்ஸ் 1’ போடுங்கள். பெர்மிசிவிலும் அதே பிழை வந்தால் எஸ்இலினக்ஸ் நிரபராதி.

## அறிகுறி 1: கிளம்பவில்லை, பதிவேட்டில் ‘முகவரியில் பைண்ட் செய்ய முடியவில்லை’ என்ற வரி

பார்க்க வேண்டிய பதிவேடு /வார்/லாக்/டிர்சர்வ்/அட்மின்-செர்வ்/எரர்.

வேறு யாராவது அந்த போர்ட்டில் உட்கார்ந்திருக்கிறார்களா? ‘எஸ்எஸ் --டிசிபி --லிசனிங் --நியூமெரிக் --ப்ராசசஸ்’ பட்டியலில் 9830 இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் முந்தைய முறை சரியாகச் சாகாத அப்பாச்சி. அதை நிறுத்தினால் சரி. பிழைச் செய்தியின் முடிவைப் படித்தாலே இது தெரிந்துவிடும்: ‘முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில்’ என்று இருந்தால் இந்தக் கதை, ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று இருந்தால் அடுத்தது.

போர்ட் பதிவாகியிருக்கிறதா?

செமேனேஜ் போர்ட் --லிஸ்ட்

இதில் ‘எச்டிடிபி_போர்ட்_டி’ வரியைப் பாருங்கள். 80, 443, 8443 எல்லாம் இருக்கும். உங்கள் அட்மின் போர்ட் இல்லையென்றால் சேர்க்க வேண்டும்:

செமேனேஜ் போர்ட் --ஆட் --டைப் எச்டிடிபி_போர்ட்_டி --ப்ரோட்டோ டிசிபி 9830

கான்சோல்.கான்ஃப் கோப்பில் ‘லிசன்’ வரியைக் கையால் மாற்றியவர்களுக்கு இது கட்டாயம் வரும். எஸ்இலினக்ஸ் அந்தக் கோப்பைப் படித்துத் தானாகத் தெரிந்துகொள்ளாது.

‘ஏற்கெனவே வரையறுக்கப்பட்டுள்ளது’ என்று கட்டளை மறுத்தால், அந்த எண் வேறொரு சர்வீஸின் பெயரில் இருக்கிறது. ‘--மாடிஃபை’ போட்டுப் பிடுங்கிக்கொள்ளலாம்தான். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வேறு எண்ணைத் தேர்ந்தெடுப்பது ஐந்து நிமிட வேலை. பிடுங்கியதன் விளைவு ஆறு மாதம் கழித்து வேறு எங்கேயோ வெடிக்கும்.

சீஅலர்ட் சொல்லும் குறுக்குவழி. பைண்ட் மறுப்புக்கு ‘என்ஐஎஸ்_எனேபிள்ட் என்ற பூலியனை இயக்கு’ என்றும் சீஅலர்ட் சில நேரம் யோசனை சொல்லும் (பூலியன் என்பது பாலிசியில் உள்ள ஆன்/ஆஃப் சுவிட்ச்). அதைச் செய்தால் சர்வீஸ் ஓடும், உண்மைதான். அந்தப் பூலியன் பழைய என்ஐஎஸ் வசதிக்காக ஏகப்பட்ட சர்வீஸ்களுக்கு போர்ட் கதவுகளை அகலத் திறந்துவிடுகிறது. ஒரு போர்ட்டுக்காக அத்தனையையும் திறக்காதீர்கள். யாராவது முன்பே திறந்து வைத்திருக்கிறார்களா என்று ‘கெட்செபூல் என்ஐஎஸ்_எனேபிள்ட்’ மூலம் பார்த்துவிடுவது நல்லது.

## அறிகுறி 2: கிளம்பிய வேகத்தில் விழுகிறது, சான்றிதழ் தரவுத்தளத்தையோ அமைப்புக் கோப்பையோ திறக்க முடியவில்லை என்கிறது

நான் அதிகம் சரிசெய்தது இதைத்தான். சான்றிதழ் புதுப்பித்த மறுநாள், அல்லது பேக்கப்பிலிருந்து மீட்ட அன்று மாலை இந்த அழைப்பு வரும்.

உரிமையாளர் யார்? எஸ்இலினக்ஸுக்கு முன் சாதாரண உரிமை. /இடிசி/டிர்சர்வ்/அட்மின்-செர்வ் அடைவில் செர்ட்8.டிபி, கீ3.டிபி, பின்.டெக்ஸ்ட் ஆகியவை ரூட்டின் பெயரில் இருக்கின்றனவா, அட்மின் சர்வர் ஓடும் பயனர் பெயரில் இருக்கின்றனவா? ரூட்டாக இருந்து நகலெடுத்த கோப்புகள் ரூட்டின் பெயரிலேயே நிற்கும். ‘சோன்’ போட்டால் முடிந்தது.

இங்கே ஒரு பொறி. ஏவிசி வரியில் செயல் ‘டாக்_ஓவர்ரைட்’ அல்லது ‘டாக்_ரீட்_சர்ச்’ என்று இருந்தால், பார்க்க எஸ்இலினக்ஸ் மறுப்புபோல இருக்கும். உண்மையில் அது சொல்வது, “ரூட்டாக ஓடும் ஒரு ப்ராசஸ், கோப்பின் சாதாரண உரிமையை மீறித் திறக்கப் பார்க்கிறது” என்பது. மருந்து உரிமையாளரையும் அனுமதிகளையும் திருத்துவது. அந்த வரியை, மறுப்பு வரிகளிலிருந்து அனுமதி விதி செய்யும் ஆடிட்2அலவ்-இல் ஊற்றிப் பாலிசி செய்யாதீர்கள்.

லேபிள் சரியா? அந்த அடைவில் ‘எல்எஸ்’ கட்டளையைப் பெரிய எழுத்து இசட்டுடன் ஓட்டுங்கள். எல்லாக் கோப்பும் ‘டிர்சர்வ்அட்மின்_கான்ஃபிக்_டி’ என்று காட்ட வேண்டும். ‘அட்மின்_ஹோம்_டி’ என்று ஒன்று தெரிந்தால், அது ரூட்டின் வீட்டு அடைவில் பிறந்து ‘எம்வி’ மூலம் இங்கே வந்த கோப்பு. ‘யூசர்_டெம்ப்_டி’ என்றால் டெம்ப் அடைவிலிருந்து வந்தது. எம்வி பழைய லேபிளோடு தூக்கி வரும். சிபி, சேரும் அடைவின் லேபிளை எடுத்துக்கொள்ளும். புதிய சான்றிதழை வீட்டு அடைவில் தயாரித்து எம்வி செய்வது எல்லோருடைய பழக்கம். அதனால்தான் சான்றிதழும் இந்தப் பிழையும் சேர்ந்தே வருகின்றன.

மருந்து, பாலிசி சொல்லும் லேபிளையே திரும்ப ஒட்டும் கட்டளை:

ரெஸ்டோர்கான் (பெரிய ஆர், சின்ன வி) /இடிசி/டிர்சர்வ்

என்ன மாறப்போகிறது என்று முன்கூட்டியே பார்க்க, சின்ன எழுத்து என்-ஐயும் சேர்த்துக்கொண்டால் எதையும் மாற்றாமல் பட்டியல் மட்டும் தரும். உற்பத்திச் சர்வரில் முதலில் அப்படி ஓட்டிவிடுங்கள். நூற்றுக்கணக்கான வரிகள் வந்தால், முன்பு யாரோ வேண்டுமென்றே லேபிள் மாற்றியிருக்கலாம். ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

எல்லாக் கோப்பும் ‘அன்லேபிள்ட்_டி’யா? எஸ்இலினக்ஸ் முன்பு முழுக்க அணைந்திருந்து இப்போது இயக்கப்பட்டிருக்கிறது, அல்லது லேபிள்களைக் காக்காமல் எடுத்த டார் பேக்கப்பிலிருந்து வட்டு முழுவதையும் மீட்டிருக்கிறார்கள். இங்கே ஒரு அடைவை மட்டும் திருத்துவதில் பொருளில்லை. /இடிசி/எஸ்இலினக்ஸ்/கான்ஃபிக்-இல் பெர்மிசிவ் என்று மாற்றி, ‘ஃபிக்ஸ்ஃபைல்ஸ் ஆன்பூட்’ போட்டு ரீபூட் செய்யுங்கள். வட்டின் அளவைப் பொறுத்து நேரமாகும். அலுவலக நேரத்தில் வேண்டாம். எல்லாம் சரியாக ஓடுகிறது, புதிய மறுப்புகள் இல்லை என்று கண்ட பிறகு என்ஃபோர்சிங்குக்குத் திரும்புங்கள். நேராக என்ஃபோர்சிங்கில் வைத்து ரீபூட் செய்தால் இயந்திரம் லாகின் வரை வராமலே நின்றுவிடக்கூடும்.

கோப்புகள் வழக்கமான இடத்தில் இல்லையா? வட்டு நிறைந்துவிட்டதென்று பதிவேடுகளை /டேட்டா போன்ற புதிய பகுதிக்கு நகர்த்தியிருப்பார்கள். அந்தப் பாதைக்கு என்ன லேபிள் என்று பாலிசிக்குத் தெரியாது. ரெஸ்டோர்கான் ஓட்டினாலும் பயனில்லை. முதலில் சொல்லிக்கொடுங்கள்:

செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் --ஆட் --ஈக்வல் /வார்/லாக்/டிர்சர்வ் /டேட்டா/டிர்சர்வ்-லாக்

“இந்த அடைவை அந்த அடைவு போலவே நடத்து” என்று பொருள். அதன்பின் புதிய இடத்தில் ரெஸ்டோர்கான். அப்படியும் மறுப்பு வந்தால் மேல் அடைவைப் பாருங்கள். /டேட்டா ‘டிஃபால்ட்_டி’ என்று இருந்தால், உள்ளே இருப்பது சரியாக இருந்தும் வாசலைத் தாண்ட முடியாமல் சர்வீஸ் நிற்கலாம்.

## அறிகுறி 3: சர்வீஸ் ஓடுகிறது, கன்சோலில் லாகின் ஆகவில்லை

கன்சோல் காட்டும் செய்தி உதவாது. பயனர் பெயர் தவறு, கடவுச்சொல் தவறு, டைரக்டரியில் சிக்கல் என்று மூன்றையும் ஒரே வாக்கியத்தில் சொல்லும். பத்து பேர் கடவுச்சொல்லை மாற்றத்தான் ஓடுவார்கள்.

வலையிணைப்பு. 9830 ஃபயர்வாலில் திறந்திருக்கிறதா? சர்வரிலேயே ‘கர்ல்’ மூலம் அந்த போர்ட்டைத் தொட்டுப் பாருங்கள். உள்ளே பதில் வந்து வெளியே வரவில்லை என்றால் ஃபயர்வால்.

அட்மின் சர்வரின் சொந்தக் கட்டுப்பாடு. எந்த ஹோஸ்ட், எந்த ஐபியிலிருந்து வரலாம் என்று அதற்கே ஒரு பட்டியல் உண்டு. சர்வரில் லாகின் ஆகி, உங்கள் மேசையிலிருந்து மட்டும் ஆகவில்லை என்றால், எஸ்இலினக்ஸைத் தொடாமல் அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

டைரக்டரி உயிரோடு இருக்கிறதா? அட்மின் சர்வர் தன் பயனரைச் சரிபார்ப்பதே டைரக்டரியில்தான். ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ மூலம் டைரக்டரி இன்ஸ்டன்ஸ் ஓடுகிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

அப்பாச்சியால் டைரக்டரியை எட்ட முடிகிறதா? மேலே மூன்றும் சரியாக இருந்து, ஏவிசி வரியில் ‘நேம்_கனெக்ட்’ என்று இருந்தால் இங்கேதான் அடைப்பு. டிகான்டெக்ஸ்ட் என்ன சொல்கிறது? ‘எல்டாப்_போர்ட்_டி’ (எல்டாப் என்பது டைரக்டரியுடன் பேசும் நெறிமுறை) என்றால் போர்ட் சரி, அனுமதிதான் இல்லை:

செட்செபூல் (பெரிய பி) எச்டிடிபிடி_கேன்_கனெக்ட்_எல்டாப் ஆன்

வேறு ஏதாவது பெயர் வந்தால், டைரக்டரியை 389, 636 தவிர்த்த ஒரு போர்ட்டில் வைத்திருக்கிறீர்கள். அறிகுறி 1-இல் செய்தது போலவே, டைப்பாக எல்டாப்_போர்ட்_டி கொடுத்து அந்த எண்ணைச் சேர்த்துவிட்டு, மேலே உள்ள பூலியனைப் பாருங்கள்.

‘எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட்’ என்ற பெரிய பூலியனைப் போட்டால் இரண்டும் ஒரே அடியில் தீரும் என்று இணையம் முழுக்க எழுதியிருக்கிறார்கள். தீரும்தான். அதோடு அந்த இயந்திரத்தின் எந்த வலை ஸ்கிரிப்டும் எந்த டிசிபி போர்ட்டுக்கும் வெளியே போகலாம் என்றாகிவிடும்.

## அறிகுறி 4: லாகின் ஆகிறது, சில வேலைகள் மட்டும் நடக்கவில்லை

பதிவேட்டைக் காட்டு என்றால் வெற்றுத் திரை, இன்ஸ்டன்ஸை நிறுத்து என்றால் பிழை, புதிய இன்ஸ்டன்ஸ் உருவாக்கு என்றால் பாதியில் நிற்கிறது. இவை ஒவ்வொன்றும் பின்னணியில் ஒரு சிஜிஐ ஸ்கிரிப்ட், அதாவது அப்பாச்சி கிளப்பிவிடும் சிறு நிரல்.

/யுஎஸ்ஆர்/லிப்64/டிர்சர்வ்/சிஜிஐ-பின் அடைவில் ‘மேட்ச்பாத்கான்’ கட்டளையைப் பெரிய எழுத்து வி-யுடன் ஓட்டுங்கள். இருக்கும் லேபிளையும் இருக்க வேண்டிய லேபிளையும் ஒப்பிட்டுச் சொல்லும். ‘டிஎஸ்_கிரியேட்’, ‘டிஎஸ்_ரிமூவ்’ இரண்டும் மற்றவற்றிலிருந்து மாறுபட்ட, ‘அன்கன்ஃபைண்ட்’ என்ற சொல் உள்ள லேபிளில் இருக்கும். அது பாலிசியிலேயே அப்படித்தான். இன்ஸ்டன்ஸ் உருவாக்குவதும் அழிப்பதும் பல இடங்களைத் தொட வேண்டிய வேலை. வித்தியாசமாக இருக்கிறதே என்று ‘திருத்தி’விட்டால், புதிய இன்ஸ்டன்ஸ் பாதியில் நிற்பதற்கு நீங்களே காரணமாகிவிடுவீர்கள். தப்பாக இருந்தால் ரெஸ்டோர்கான், அவ்வளவுதான்.

லேபிள்கள் சரி, பதிவேடு மட்டும் தெரியவில்லை என்றால் அறிகுறி 2-இன் கடைசிப் பத்திக்குப் போங்கள். பதிவேட்டை யாரோ இடம் மாற்றியிருக்கிறார்கள். அது என்எஃப்எஸ் வழியாக ஏற்றிய அடைவாக இருந்தால் எல்லாமே ‘என்எஃப்எஸ்_டி’ என்று தெரியும், ரெஸ்டோர்கான் வேலை செய்யாது. மவுண்ட் செய்யும்போதே ‘கான்டெக்ஸ்ட்=’ விருப்பத்தில் லேபிளைக் கொடுக்க வேண்டும். பதிவேட்டை உள்ளூர் வட்டுக்கே திருப்பிவிடுவது இன்னும் மேல்.

## அறிகுறி 5: பெர்மிசிவில் ஓடுகிறது, என்ஃபோர்சிங்கில் ஓடவில்லை, ஆனால் ஒரு ஏவிசி வரிகூட இல்லை

எரிச்சலூட்டுவது இதுதான். முதலில் ‘ஆடிட்டி’ சர்வீஸ் ஓடுகிறதா பாருங்கள். ஓடவில்லையென்றால் மறுப்புகள் கர்னல் செய்திகளில் இருக்கும்; ‘டிமெசேஜ்’ வெளியீட்டில் தேடுங்கள்.

ஓடுகிறதென்றால், பதிவேடு நிறையாமலிருக்கச் சில மறுப்புகளைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும் ‘டோன்ட்ஆடிட்’ விதிகள்தான் காரணம். அவற்றைத் தற்காலிகமாக நீக்குங்கள்:

செமாட்யூல் --டிஸேபிள்_டோன்ட்ஆடிட் --பில்ட்

சர்வீஸைக் கிளப்பி, வரிகளைப் பிடித்து, உடனே ‘செமாட்யூல் --பில்ட்’ மட்டும் ஓட்டிப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். இடைப்பட்ட நேரத்தில் சம்பந்தமில்லாத வரிகள் மழையாகக் கொட்டும். மேலே சொன்ன மூன்று டொமைன்களை மட்டும் பார்த்தால் போதும்.

## அறிகுறி 6: சரிசெய்தது திரும்பத் திரும்பக் கெடுகிறது

ரீபூட்டுக்குப் பின் கெட்டால், செட்செபூலில் பெரிய பி விட்டுப்போயிருக்கிறது. அது இல்லாமல் போட்ட பூலியன் ரீபூட்டோடு போய்விடும்.

லேபிள் சீரமைப்புக்குப் பின், அல்லது யாரோ ரெஸ்டோர்கான் ஓட்டியபின் கெட்டால், முன்பு ‘சிஎச்கான்’ பயன்படுத்தியிருக்கிறார்கள். சிஎச்கான் ரீபூட்டைத் தாங்கும், ரெஸ்டோர்கானைத் தாங்காது. நிரந்தரமாக வேண்டுமென்றால் செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்தான்.

பாலிசித் தொகுப்பு மாறியபின் கெட்டால், ‘செமாட்யூல் --லிஸ்ட்’ பட்டியலில் ‘டிர்சர்வ்’, ‘டிர்சர்வ்-அட்மின்’ இரண்டும் இருக்கின்றனவா பாருங்கள். முன்பு யாரோ செய்து சேர்த்த உள்ளூர்ப் பாலிசியும் அங்கே தெரியும். யார், எதற்குச் செய்தார்கள் என்று தெரியாத ஒன்று இருந்தால் ஒரு பிரதி எடுத்துவைத்து, சோதனை இயந்திரத்தில் அதை நீக்கிப் பாருங்கள். பாதிக்கு மேல் தேவையே இல்லாதவையாக இருக்கும். சென்ட்ஓஎஸ் 7-க்கான இலவசப் புதுப்பிப்புகள் 2024 ஜூன் 30 அன்றே நின்றுவிட்டதால், அங்கே இனித் தானாக மாற்றம் வராது. கெட்டால் கை வைத்தவர் யாரோ இருக்கிறார் என்று பொருள்.

## ஆடிட்2அலவ் எப்போது?

மேலே உள்ள எதுவும் பொருந்தாமல், நீங்களே எழுதிச் சேர்த்த ஸ்கிரிப்டுக்கு உண்மையிலேயே ஓர் அனுமதி தேவைப்படும்போது மட்டும். அதற்கு முன் அதே வரிகளை ‘ஆடிட்2வை’க்குக் கொடுங்கள். ஒரு பூலியனோடு தீருமென்றால் அதுவே சொல்லிவிடும்.

ஆடிட்2அலவ் தரும் விதியை நிறுவுமுன் படியுங்கள். எச்டிடிபிடி_டிக்கு அட்மின்_ஹோம்_டி கோப்பைப் படிக்க அனுமதி என்று இருந்தால், அது தப்பான லேபிளுக்குக் கட்டிய தாயத்து. தூக்கி எறிந்துவிட்டு ரெஸ்டோர்கானுக்குப் போங்கள். ‘டிஃபால்ட்_டி’, ‘அன்லேபிள்ட்_டி’ வந்தாலும் அதே கதை.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

- மறுப்பு வரியில் ‘ஷேடோ_டி’, ‘எக்ஸெக்மெம்’ போன்றவை வந்தால், அல்லது நீங்கள் நிறுவாத ஒரு நிரல் எச்டிடிபிடி_டியில் ஓடிக்கொண்டிருந்தால். இது பிழையாக இல்லாமல் ஊடுருவலாக இருக்கலாம். எதையும் திருத்தாமல், இயந்திரத்தை வலையிலிருந்து பிரித்துவிட்டுப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.
- லேபிள் சீரமைப்புக்குப் பின் இயந்திரம் எழவே இல்லை என்றால். கர்னல் வரியில் ‘என்ஃபோர்சிங்=0’ கொடுத்து ஏற்றிப் பார்க்கலாம். அதிலும் எழவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.
- பல சர்வர்களுக்கிடையே ரெப்ளிகேஷன் இருந்து, அதில் ஒன்றில் மட்டும் டிர்சர்வ்_டி மறுப்புகள் வந்தால். அட்மின் சர்வர் ஒரு நாள் படுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. டைரக்டரியைத் தொட்டுக் கெடுத்தால் காலையில் யாராலும் லாகின் செய்ய முடியாது.
- ஆடிட்2அலவ் வெளியீடு பத்துப் பதினைந்து விதிகளாக நீண்டால்.

கூப்பிடும்போது கையில் இருக்க வேண்டியவை: ‘எஸ்இஸ்டேட்டஸ்’ வெளியீடு, ஏயூசர்ச் தந்த வரிகள் முழுதாக (வெட்டாமல்), /இடிசி/டிர்சர்வ்/அட்மின்-செர்வ் அடைவின் லேபிள் பட்டியல், செமேனேஜ் போர்ட் பட்டியலில் எச்டிடிபி, எல்டாப் வரிகள், 389 மற்றும் எஸ்இலினக்ஸ்-பாலிசித் தொகுப்புகளின் பதிப்பெண்கள், கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்ற விவரம். பின்.டெக்ஸ்ட் கோப்பை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள். சான்றிதழ்த் தரவுத்தளத்தின் கடவுச்சொல் அதில் அப்படியே எழுதப்பட்டிருக்கும்.